தட்டில் என்ன இல்லை, என்ன இருக்கிறது: சைவ உணவும் உடல்நலமும்

சாப்பாட்டு நேரத்தில் சைவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "கறியை விடுங்கள், கொலஸ்ட்ரால், சர்க்கரை எல்லாம் தானாக இறங்கும்" என்பது ஒரு கட்சி. "இலையும் தழையும் தின்றால் தெம்பு எங்கிருந்து வரும், புரோட்டீனுக்கு என்ன செய்வீர்கள்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் சாட்சிக்கு ஒரு தாத்தா இருப்பார். தொண்ணூறு வயதிலும் மாடிப்படி ஏறுகிற சைவத் தாத்தா, தொண்ணூறு வயதிலும் மீன் இல்லாமல் சாப்பிட மறுக்கிற தாத்தா. இரண்டு பேரும் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் ஒரு தாத்தாவை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது.

சைவத்துக்கு மதம், அறம், விலங்குகள் மேல் இரக்கம், சுற்றுச்சூழல் என்று பல காரணங்கள் உண்டு. அவை எதையும் இங்கே தொடப்போவதில்லை. சைவம் சாப்பிட்டால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும், மருத்துவம் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி பார்ப்போம்.

## சொல்லிலேயே ஒரு குழப்பம்

வாடகை வீடு ஒன்றைப் பற்றித் தரகர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "கொசு இல்லை சார், இரைச்சல் இல்லை, பக்கத்தில் சாக்கடை இல்லை." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் வருமா, வெளிச்சம் இருக்குமா, சமையலறை எப்படி என்று ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் இல்லாதவற்றைத்தான் அவர் சொன்னார்.

'சைவம்' என்பதும் அப்படிப்பட்ட சொல்தான். தட்டில் இறைச்சியும் மீனும் இல்லை என்கிறது. தட்டில் இருப்பது என்ன என்று சொல்வதில்லை. முழுத்தானியமும் பருப்பும் கீரையும் பழமும் சாப்பிடுகிறவர் சைவர். வெள்ளை ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், பிஸ்கட், குளிர்பானம் என்று நாளைக் கடத்துகிறவரும் சைவர்தான். இரண்டு பேரையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு "சைவம் நல்லதா கெட்டதா" என்று கேட்டால் பதில் எப்படித் தெளிவாக வரும்?

இதை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. 2017-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2 லட்சம் பேரின் பல ஆண்டுக் கால உணவுப் பழக்கத்தை அலசிய ஓர் ஆய்வு வெளிவந்தது. தாவர உணவை அது இரண்டாகப் பிரித்தது. முழுத்தானியம், பருப்பு, காய், பழம், கொட்டை வகைகள் ஒரு பக்கம். சர்க்கரை, மைதா, இனிப்புப் பானம், வறுவல் மறுபக்கம். முதல் வகையை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு 25% குறைவாக இருந்தது. இரண்டாம் வகையை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 32% அதிகம். இரண்டுமே செடியில் விளைந்தவைதான்!

சைவத்துக்குள்ளும் படிகள் உண்டு. பாலும் முட்டையும் சேர்த்துக்கொள்பவர்கள், பால் மட்டும் சேர்ப்பவர்கள், பால், முட்டை, தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாதவர்கள். கடைசி வகையை வீகன் என்கிறோம். தமிழில் நனிசைவம் என்றும் சொல்கிறார்கள். 1944-ல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட சொல் அது. பெயர்கள் மறந்தாலும் பரவாயில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பாலையும் முட்டையையும் விடும்போதுதான் சத்துக் கணக்கு நிஜமாகவே மாறுகிறது. ஏன் என்று பி12 என்ற வைட்டமினைப் பற்றிய பகுதியில் தெரியும்.

இதுவரை: சைவம் என்ற சொல் தட்டில் இல்லாததைத்தான் சொல்கிறது. உடம்போ தட்டில் இருப்பதைக் கொண்டுதான் வேலை செய்கிறது. நன்மை, தீமை இரண்டையும் அங்கேதான் தேட வேண்டும்.

## நன்மை எங்கிருந்து வருகிறது?

இதயத்திலிருந்து தொடங்குவோம், சைவத்துக்கு மிக வலுவான சான்று அங்கேதான் இருக்கிறது.

கொலஸ்ட்ரால் கொழுப்பு போன்ற ஒரு பொருள். ரத்தம் நீர்த்தன்மை உள்ளது, கொலஸ்ட்ரால் அதில் கரையாது. ஆகவே சிறு உருண்டைகளில் பொதிந்துதான் ரத்தத்தில் பயணம் செய்கிறது. அந்த உருண்டைகளில் ஒரு வகை எல்.டி.எல். அது ரத்தத்தில் அதிகமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் ரத்தக்குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து படியும். ஆண்டுக்கணக்கில் படிந்து குழாய் குறுகினால் மாரடைப்பு வரை போகலாம்.

சுற்றிக்கொண்டிருக்கும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. அதற்கென்று கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் கொக்கிகள் மாதிரி சில இருக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு, அதாவது வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு போல அறை வெப்பத்தில் உறைந்து நிற்கும் வகைக் கொழுப்பு, உணவில் கூடினால் இந்தக் கொக்கிகள் குறைகின்றன. கொக்கி குறைந்தால் எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கும். கொழுத்த இறைச்சியைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, கொட்டைகள் வைத்தால் கொக்கிகள் பெருகும். நன்மையில் ஒரு பகுதி இந்த வழியில் வருகிறது. வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் எல்லாம் சுத்த சைவம்தான், அவற்றிலும் நிறைவுற்ற கொழுப்பு நிறைய உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு பகுதி நார்ச்சத்தால். நம்மால் செரிக்க முடியாத தாவரப் பகுதிக்கு அந்தப் பெயர். செரிக்காத பொருளால் என்ன பயன் என்று தோன்றும். பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பழைய சோடாக் கடையை நினைத்துப் பாருங்கள். பாட்டில்கள் திரும்பி வந்துகொண்டே இருக்கும் வரை புதுப் பாட்டில் வாங்கும் செலவு இல்லை. கல்லீரல் கொழுப்பைச் செரிக்கப் பித்தநீரை அனுப்புகிறது. அதிலுள்ள பித்த அமிலங்கள் வேலை முடிந்ததும் குடலின் கடைக்கோடியில் மறுபடி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகின்றன. நார்ச்சத்தில் தண்ணீரில் கரைந்து கூழாகும் வகை ஒன்று உண்டு. ஓட்ஸ், பருப்பு, பீன்ஸ், ஆப்பிளில் இருக்கிறது. அந்தக் கூழில் சிக்கிய பித்த அமிலம் திரும்பாமல் மலத்தோடு வெளியே போய்விடும். பாட்டில் திரும்பாததால் கல்லீரல் புதிதாகத் தயாரித்தாக வேண்டும். மூலப்பொருள் என்ன தெரியுமா? கொலஸ்ட்ரால். ஆகவே அது ரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் எல்.டி.எல்.லை இழுக்கிறது.

மாத்திரை இல்லாமல் உணவு மட்டுமே இதைச் செய்யுமா என்று சோதித்த அழகான ஆய்வு ஒன்று 2023-ல் வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் 22 ஜோடி இரட்டையர்களைப் பிடித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு நல்ல வீகன் உணவு, மற்றவருக்கு நல்ல அசைவ உணவு, 8 வாரம். மரபணு ஒன்று, வளர்ந்த வீடும் பெரும்பாலும் ஒன்று, ஆகவே வித்தியாசத்தை உணவின் கணக்கில் எழுதலாம். வீகன் பக்கம் எல்.டி.எல். கூடுதலாகக் குறைந்தது, வித்தியாசம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 14 மில்லிகிராம். எடையும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் ஆய்வு சிறியது, காலமும் குறைவு. எட்டு வாரத்தில் கொலஸ்ட்ராலை அளக்கலாம், ஆயுளை அளக்க முடியாது.

அப்புறம் பெருங்குடல். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நமக்குச் செரிக்காத நார் அவற்றுக்குச் சாப்பாடு. அதைப் புளிக்க வைத்து அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற பொருள்தான் பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள். பெரியவர்கள் நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இறைச்சி, மீன், முட்டை, பால் எதிலும் நார்ச்சத்து கிடையாது.

குடல் பேச்சில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பட்டியலில் சேர்த்தது. சாசேஜ், பேகன், ஹாம் மாதிரி உப்பிட்டோ புகையூட்டியோ வைத்தவைதான் பதப்படுத்திய இறைச்சி. உடனே 'கறி சிகரெட்டுக்குச் சமம்' என்று ஊரெல்லாம் பரவியது. அந்தப் பட்டியல் ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை, சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. பதப்படுத்திய இறைச்சி தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18% கூடும் என்பது அவர்கள் கணக்கு. சிகரெட்டால் நுரையீரலுக்கு வரும் ஆபத்து இதைப் போல எத்தனையோ மடங்கு. மாடு, பன்றி, ஆடு போன்றவற்றின் சாதாரணச் சிவப்பு இறைச்சி அடுத்த பட்டியலில், 'அநேகமாகக் காரணமாகலாம்' என்ற இடத்தில் இருக்கிறது. மீனும் கோழியும் அந்த மதிப்பீட்டில் வரவே இல்லை.

சுருக்கமாக: நிறைவுற்ற கொழுப்பு குறைவதும் நார்ச்சத்து கூடுவதும்தான் நன்மையின் இரண்டு கால்கள். வறுவலும் இனிப்பும் தின்னும் சைவருக்கு இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

## "22% குறைவு" என்றால் என்ன?

தலைக்கவசம் போட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கால் முறிவும் குறைவு என்று ஒருவர் கணக்கெடுத்து வந்தால் நம்புவீர்களா? நம்பலாம். தலைக்கவசம் காலைக் காப்பதால் இல்லை; அதைப் போடுகிறவர் பொதுவாக நிதானமாக ஓட்டுகிற ஆளாக இருப்பார் என்பதால். சைவ ஆய்வுகளிலும் இதே சிக்கல் உண்டு. மேலை நாடுகளில் தேடிப்போய்ச் சைவரானவர்கள் புகைப்பது குறைவு, குடிப்பது குறைவு, எடையும் குறைவு. நன்மை உணவாலா, மற்றப் பழக்கங்களாலா? கணிதமுறையில் இவற்றைக் கழித்துப் பார்க்கிறார்கள்; முழுக்கக் கழிப்பது கஷ்டம்.

ஆயுள் கணக்கில் இது நன்றாகத் தெரிகிறது. அமெரிக்கா, கனடாவில் அட்வென்டிஸ்ட் என்ற சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்களில் 73,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த 2013 ஆய்வில், சைவர்களின் இறப்பு வீதம் மற்றவர்களைவிட 12% குறைவு. பிரிட்டனில் நடந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்விலோ, சைவர், அசைவர் இரு தரப்புக்கும் மொத்த இறப்பு வீதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இரண்டாவது முடிவு ஏமாற்றம் தரவில்லை. அங்கே ஒப்பிடப்பட்ட அசைவர்களும் உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள். காய்கறி நிறையச் சாப்பிட்டு இறைச்சியை அளவோடு வைத்துக்கொள்கிற ஆளுக்கும் சைவருக்கும் இடைவெளி நாம் நினைப்பதைவிடச் சிறியது.

அதே ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2019-ல் 48,000 பேரை 18 ஆண்டு பின்தொடர்ந்த கணக்கை வெளியிட்டது. சைவர்களுக்கு இதயநோய் 22% குறைவு. பக்கவாதம் 20% அதிகம். இரண்டும் சமமாகிவிட்டதே என்று தோன்றும். தலைகளை எண்ணிப் பாருங்கள். 1,000 பேரை 10 ஆண்டு பார்த்தால், சைவர்களிடம் இதயநோய் 10 பேருக்குக் குறைகிறது, பக்கவாதம் 3 பேருக்குக் கூடுகிறது. முன்னது ஏற்கெனவே அதிகம் பேருக்கு வருகிற நோய், அதனால் அதில் 22% என்பது பெரிய தொகை. கூடிய பக்கவாதமும் பெரும்பாலும் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் வகை. கொலஸ்ட்ரால் மிகவும் இறங்கியது காரணமாக இருக்கலாம், பி12 போன்ற சத்துகளின் குறைவு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள், நிரூபணமாகவில்லை.

சதவீதத்தைக் கேட்டதும் "எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதி பயமும் பாதி ஆரவாரமும் அடங்கிவிடும்.

## புரோட்டீன்: கவலை பெரிது, சிக்கல் சிறிது

அச்சுக்கோர்க்கும் கூடம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். பெட்டிகளில் ஈய எழுத்துகள் இருக்கின்றன. 'அம்மம்மா' என்று கோர்க்க வேண்டும். 'ம்' என்ற எழுத்து தீர்ந்துவிட்டால், 'அ' மூட்டை மூட்டையாக இருந்தாலும் பயனில்லை. புரோட்டீனும் இப்படிக் கோர்க்கப்படுவதுதான். அதன் எழுத்துகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். மொத்தம் 20, அவற்றில் 9-ஐ உடம்பால் செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும்.

இறைச்சி, முட்டை, பாலில் அந்த 9-ம் தேவையான விகிதத்திலேயே இருக்கின்றன. தாவரங்களிலும் 9-ம் உண்டு, விகிதம்தான் கொஞ்சம் கோணல். அரிசி, கோதுமை போன்ற தானியங்களில் லைசின் என்ற எழுத்து குறைவு. பருப்பு, பயறு வகைகளில் லைசின் தாராளம், மெத்தியோனின் என்ற எழுத்து குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடும். சோயா தனியாகவே ஏறத்தாழ முழுமையானது.

ஒரே வேளையில் சேர்த்தாக வேண்டுமா? 1970-களில் அப்படித்தான் சொன்னார்கள், அட்டவணை போட்டு எடை பார்த்துக் கலந்தவர்களும் உண்டு. பிறகு அது தேவையில்லை என்று தெளிவானது. உடம்பில் அமினோ அமிலங்களுக்கு ஒரு சுழலும் இருப்பு இருக்கிறது. காலையில் தானியம், இரவில் பயறு என்றாலும் சரியாகிவிடும்.

அளவு என்ன? பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பரவலான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். சமைக்காத பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் இருக்கிறது. பருப்பு, பால், கொட்டை, தானியம் கலந்து வயிறாரச் சாப்பிடுகிறவருக்கு இது எட்டிவிடும். எட்டாமல் போவது யாருக்கு என்றால், தட்டில் மாவுச்சத்தை மலையாகக் குவித்துப் பருப்பைப் பெயருக்கு ஊற்றிக்கொள்கிறவருக்கு. பசி குறைந்த முதியவர்களும் கவனிக்க வேண்டும். வயதில் தசை கரைவதால் அவர்களுக்குக் கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேவை.

## பி12: கவலை சிறிது, சிக்கல் பெரிது

புரோட்டீனைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய பெயர் பி12.

பி12 ஒரு வைட்டமின். அதாவது மிகச் சிறிய அளவே தேவைப்பட்டாலும் இல்லாமல் முடியாத பொருள். ரத்த அணுக்கள் உருவாகவும் நரம்பின் மேலுறை கெடாமல் இருக்கவும் இது வேண்டும். நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரோகிராம்.

இதைச் செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. மாட்டின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செய்ததை மாடு உறிஞ்சிக்கொள்கிறது; அது இறைச்சிக்கும் பாலுக்கும் வருகிறது. நம் பெருங்குடலிலும் பாக்டீரியா பி12 செய்கிறது. ஆனால் பி12-ஐ உறிஞ்சும் வாசல் அதற்கு முன்னால், சிறுகுடலின் கடைசியில் இருக்கிறது. வீட்டைத் தாண்டிப்போன பிறகு சரக்கு தயாராகி என்ன பயன்?

உறிஞ்சப்படுவதும் லேசான வேலை இல்லை. சின்னக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது போல, கைமாறிக் கைமாறித்தான் பி12 போய்ச் சேர வேண்டும். உணவில் புரோட்டீனோடு ஒட்டியிருக்கும் பி12-ஐ முதலில் இரைப்பை அமிலம் பிரித்தெடுக்கிறது. எச்சிலிலிருந்து வந்த ஒரு புரதம் அதைக் கைப்பிடித்துச் சிறுகுடல் வரை கொண்டுபோகிறது. அங்கே இரைப்பை சுரந்து அனுப்பிய இன்ட்ரின்சிக் ஃபாக்டர் என்ற இன்னொரு துணை வாங்கிக்கொண்டு, குடலின் கடைக்கோடி வாசல் வரை கூட்டிப்போகிறது. இதில் எந்தக் கை விட்டாலும் குழந்தை வழியிலேயே நின்றுவிடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுநாள் எடுப்பவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், இரைப்பைச் சுரப்பு குறைந்த முதியவர்கள் ஆகியோருக்கு, தட்டில் இறைச்சியே இருந்தாலும் பி12 குறையலாம். சைவர் என்றால் வருகிற சரக்கும் குறைவு, வழியும் அடைப்பு என்று இரட்டைச் சுமை.

இத்தனைக்கும் சைவத்துக்கு மாறிய ஒருவருக்கு ஓரிரண்டு ஆண்டு ஒன்றுமே தெரியாது. காரணம் கல்லீரல். மொட்டைமாடித் தொட்டி நிறைந்திருக்கும்போது தெருக் குழாயில் தண்ணீர் நின்றால் யாருக்குத் தெரியும்? குளியலறைக் குழாய் வழக்கம்போல் கொட்டும். கல்லீரலில் சில மில்லிகிராம் பி12 சேமிப்பு இருக்கும். தேவை மைக்ரோகிராமில் என்பதால் ஆண்டுக்கணக்கில் ஓடும். "நான் மூன்று வருடமாக வீகன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பவர் தொட்டித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கலாம்.

தொட்டி காலியானதும் களைப்பு, நாக்கில் எரிச்சல், கால் விரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தடுமாற்றம், மறதி என்று ஒவ்வொன்றாக வரும். ரத்தசோகையும் வரும். சிகிச்சை எடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், நரம்புச் சேதம் முற்றினால் முழுக்கத் திரும்பாமல் போகலாம்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் நிறைந்திருக்கும் ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மட்டும் தள்ளிப்போட்டுவிடும். ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். நல்ல சைவ உணவின் ஒரு பலமே அதன் பெரிய பலவீனத்தை மறைக்கிறது.

பால் சாப்பிடும் சைவர்களுக்கு வழி இருக்கிறது: ஒரு பெரிய கோப்பைப் பாலில் 1 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகமாக பி12 உண்டு. காப்பியில் கலக்கும் அரைக் கரண்டிப் பாலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீகன்களுக்கு மாத்திரை அல்லது பி12 சேர்த்த உணவு தவிர நம்பகமான வழி இல்லை. ஸ்பைருலினா என்ற பாசியில் பி12 இருக்கிறது என்று விற்பார்கள். அதில் பெரும்பகுதி பி12 போலவே தோற்றமுள்ள, நம் உடம்பில் வேலை செய்யாத போலி.

இதுவரை: பி12 நுண்ணுயிர்களிடமிருந்து மட்டுமே வருகிறது, நமக்கு அது விலங்கு வழியாகவோ மாத்திரை வழியாகவோ கிடைக்கிறது. குறைவு மெதுவாக, ஓசையில்லாமல் வரும்.

## இரும்பு: உள்ளே போவதே பாடு

கீரையில் இரும்பு இருக்கிறது, பருப்பிலும் இருக்கிறது. தட்டில் இருப்பதெல்லாம் ரத்தத்துக்குப் போவதில்லை என்பதுதான் விஷயம்.

கல்யாண மண்டப வாசலில் கூட்டம். ஒருவர் மாப்பிள்ளை வீட்டாரின் காரிலேயே வருகிறார்; நேராக உள்ளே போய்விடுவார். இன்னொருவர் நடந்து வருகிறார். வழியில் தெரிந்தவர்கள் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள், பாதி நேரம் வாசலிலேயே போய்விடுகிறது. இறைச்சி, மீனில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்ற உறைக்குள் உட்கார்ந்து வருகிறது. அதில் 15 முதல் 35% வரை உறிஞ்சப்படும். தாவர இரும்பு உறையில்லாமல் வருகிறது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருளும், தேநீர், காப்பியின் துவர்ப்புப் பொருள்களும் அதைப் பிடித்து நிறுத்திவிடும். உள்ளே போவது 2 முதல் 20% வரை. அந்த அகன்ற இடைவெளியில் எங்கே நிற்கிறோம் என்பது, கூடவே என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

வைட்டமின் சி இருந்தால் இரும்பு உறிஞ்சத்தக்க வடிவத்துக்கு மாறும். எலுமிச்சை பிழிவது, கொய்யாவோ ஆரஞ்சோ அதே வேளையில் சாப்பிடுவது நிஜமாகவே பலன் தரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது எதிர்த்திசையில் இழுக்கும். ஒரு மணிநேரம் தள்ளிக் குடிக்கலாம். பயறை ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்க வைப்பது எல்லாம் ஃபைட்டேட்டைக் குறைக்கும். துத்தநாகத்துக்கும் இதே ஃபைட்டேட்தான் தடை, ஆகவே அதற்கும் இதே வைத்தியம்.

ஆண்களுக்கு நாளுக்கு 8 மில்லிகிராம் இரும்பு, மாதவிடாய் வரும் வயதுப் பெண்களுக்கு 18 என்பது அமெரிக்கப் பரிந்துரை. சைவர்களுக்கு இதைப்போல 1.8 மடங்கு வேண்டும் என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. உடம்பும் சும்மா இருப்பதில்லை. சேமிப்பு குறையும்போது குடல் வாசலை அகலத் திறந்து கூடுதலாக உள்ளே விடும். சைவர்களுக்கு ஃபெரிட்டின், அதாவது இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்த அளவு, சராசரியாகக் குறைவு. சேமிப்பு குறைவாக இருப்பது வேறு, ரத்தசோகை வேறு. ஆனால் மாதவிடாய் அதிகமாக உள்ள பெண்ணுக்கு முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒரு எட்டுதான்.

## மீதமுள்ளவை

எலும்பைப் பற்றி வீகன்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அதே ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் 2020 கணக்கில், இறைச்சி உண்பவர்களைவிட வீகன்களுக்கு எலும்பு முறிவு 43% அதிகம். தலைக்கணக்கில், 1,000 பேருக்கு 10 ஆண்டில் ஏறத்தாழ 20 முறிவு கூடுதல். இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேல். உடல் எடை குறைவு ஒரு காரணம், கால்சியமும் புரோட்டீனும் குறைவாகச் சாப்பிட்டது இன்னொன்று. கீரையில்தான் கால்சியம் இருக்கிறதே என்றால், கீரைக்குக் கீரை வித்தியாசம் உண்டு. பசலைக்கீரையில் ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அதிலிருந்து உறிஞ்சப்படுவது 5% அளவுதான், பாலிலிருந்து 30% அளவு. ஆக்சலேட் குறைந்த கீரைகள், முட்டைக்கோஸ் குடும்பத்து இலைகள், எள், கால்சியம் சேர்த்துச் செய்த டோஃபு (சோயாப் பாலில் செய்யும் பனீர்) ஆகியவை உதவும்.

அயோடினுக்கு அயோடின் சேர்த்த உப்பு போதும். கல்லுப்பு, பாறை உப்பு என்று மாறி, பாலையும் மீனையும் விட்டவர்கள் யோசிக்க வேண்டும். ஒமேகா-3 என்ற கொழுப்பின் மூல வடிவம் ஆளிவிதை, வால்நட்டில் இருக்கிறது. மூளைக்கும் கண்ணுக்கும் தேவையான வடிவத்துக்கு உடம்பு அதை மாற்றும், ஆனால் மிகக் குறைவாகவே மாற்றும். மீனுக்கே அது கடலில் உள்ள நுண்பாசியிலிருந்துதான் வருகிறது என்பதால், பாசி எண்ணெய் மாத்திரைகள் சைவர்களுக்கும் ஏற்றவை. வைட்டமின் டி-யில் உணவின் பங்கு சிறியது. பெரும்பகுதி வெயிலிலிருந்து வருகிறது, வீட்டுக்குள்ளேயே இருக்கும் இரு தரப்பாருக்கும் குறையும்.

## யாருக்குக் கூடுதல் கவனம்?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள். வளர்ந்தவருக்குத் தொட்டி நிறையச் சேமிப்பு உண்டு. பிறந்த குழந்தைக்குத் தாய் கொடுத்ததுதான். தாய்க்கு பி12 இல்லாமல், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்குச் சில மாதங்களிலேயே நரம்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். குழந்தையின் வயிறு சிறியது என்பதையும் மறக்கக் கூடாது. நார் நிறைந்த உணவு சீக்கிரம் வயிற்றை நிரப்பிவிடும், தேவையான கலோரி உள்ளே போவதற்குள் "போதும்" என்று எழுந்துவிடும். பெரியவர்களின் எடையைக் குறைக்கும் அதே குணம் இங்கே எதிராக வேலை செய்கிறது. வேர்க்கடலை, எள், பால் மாதிரி அளவு சிறிதாகவும் சத்து அதிகமாகவும் உள்ளவற்றை அவர்களுக்குச் சேர்க்க வேண்டும்.

வீகன்களும், பால் குறைவாகச் சாப்பிடும் சைவர்களும் பி12, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் மூன்றையும் அவ்வப்போது மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளலாம். வெறும் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடைய முடியாது என்பது மேலே ஃபோலேட் கதையிலேயே தெரிந்திருக்கும்.

பி12 மாத்திரை அட்டையில் 500, 1,000 மைக்ரோகிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், தேவை 2.4 தானே! அந்தக் கைமாற்று வழியில் ஒரு தடவைக்கு 2 மைக்ரோகிராம் அளவுதான் போக முடியும். அதற்கு மேல் உள்ளதில் ஏறத்தாழ 1% தானாகக் கசிந்து உள்ளே போகும். அந்த 1%-க்காகத்தான் எண் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. "மாத்திரை சாப்பிட்டுத்தான் சைவமாக இருக்க வேண்டுமென்றால் அது இயற்கையா?" என்று கேட்பவர்களும் உண்டு. தொழிற்சாலையில் பி12-ஐத் தயாரிப்பதும் பாக்டீரியாக்கள்தான். பெரிய தொட்டிகளில் அவற்றை வளர்த்துப் பிரித்தெடுக்கிறார்கள். மாட்டின் வயிற்றில் நடக்கும் வேலை அங்கே மாடு இல்லாமல் நடக்கிறது.